மனு மேலே போகிறது, கணக்கு கீழே வருவதில்லை

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருந்தார். தெருவில் போட்ட சிமென்ட் சாலை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, ஓரமெல்லாம் பெயர்ந்து ஜல்லி தெரிகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் ஊராகத் திரண்டு மனு கொடுத்தார்கள். "பணி மதிப்பீட்டின்படி முடிக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டம், கிராம சபை, ஆன்லைன் என்று இத்தனை இருந்தும் ஊழல் ஏன் குறையவில்லை, எங்களைப் போன்றவர்கள் உண்மையில் என்னதான் செய்ய முடியும் என்பது அவர் கேள்வி.

நகராட்சி, ஊராட்சி ஒன்றியக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

உங்கள் மனுவுக்கு வேறு பதில் வர வழியே கிடையாது, தம்பி. கலெக்டர் ஆபீஸில் வாங்கிய மனு எண் போடப்பட்டு, உங்கள் பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) இறங்கி, அவர் ஓவர்சீயரிடம் தள்ளி, ஓவர்சீயர் எழுதிக் கொடுத்த இரண்டு வரி அதே படிகளில் திரும்பி ஏறியிருக்கும். சாலையை அளந்து பில் எழுதியவரே சாலை சரியாக இருக்கிறது என்று சான்றும் தருகிறார். முதல்வர் உதவி எண் 1100-க்கு போன் போட்டாலும் பாதை பெரும்பாலும் இதுதான். மனு மேலே போய்க்கொண்டே இருக்கும். கீழே வர வேண்டியது கணக்கு. அந்தக் கணக்குத் தாள் உங்கள் தெருவுக்கு வந்து, தெருக்காரர்கள் கையில் டேப்போடு நிற்கிற அன்றைக்குத்தான் ஏதாவது நகரும்.

அந்தத் தாளின் பெயர் எம்-புக். அளவுப் புத்தகம் என்று தமிழில் எழுதினாலும் ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு பணிக்கு எத்தனை மீட்டர் நீளம், அகலம், எவ்வளவு கனம், மொத்தம் எத்தனை கன மீட்டர் என்று தளத்தில் அளந்து எழுதி, பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கான்ட்ராக்டருக்கு பில் போடுவார்கள். ஊழல் என்று நீங்கள் சொல்வது மேடைப் பேச்சில் மலையளவு தெரியும். ஊராட்சிப் பணியில் அது இந்தப் புத்தகத்தின் ஒரே ஒரு பத்தியில் உட்கார்ந்திருக்கும். நீளத்தில் கை வைக்க மாட்டார்கள், ஊரே நடந்து பார்க்கும். அகலத்திலும் பெரும்பாலும் வைப்பதில்லை. கனத்தில்தான் வைப்பார்கள், ஏனென்றால் அது மண்ணுக்குள் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். அதையே 10 செ.மீ. போட்டால் 30 கன மீட்டர். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒரே சாலைதான். மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட் ஊருக்கு வரவே இல்லை, பணம் மட்டும் வந்து போய்விட்டது. இதற்கு மேல் சிமென்ட் கலவையில் குறைப்பது, அடியில் கொட்ட வேண்டிய கிராவலை விட்டுவிடுவது எல்லாம் தனி. உங்கள் சாலையில் ஓரம் பெயர்ந்து ஜல்லி தெரிகிறதென்றால், ஓரத்தில் கனம் குறைவு, அல்லது கலவையில் சிமென்ட் குறைவு, அல்லது போட்ட கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டுப் பதப்படுத்தவில்லை. முதலாவதை ஒரு ஸ்கேல் வைத்து நீங்களே பார்த்துவிடலாம், பெயர்ந்த ஓரமே அளவு காட்டும்.

தூர்வாரும் பணிகள் இதைவிட வசதி. குளத்திலிருந்து இத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்று எழுதிவிட்டு ஒரு மழைக்காகக் காத்திருந்தால் போதும், சாட்சியைத் தண்ணீரே மூடிவிடும். அதனால் தூர்வாரும் வேலையில் தொடங்கும் முன் எடுத்த மட்டக் கணக்கு (எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்ற அளவு) எங்கே என்பதுதான் முதல் கேள்வி. கோடை முடியும் நேரத்தில் அவசர அவசரமாக ஆரம்பிக்கிற தூர்வாரலை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறேன்.

இனி இந்தத் தாள்களை வாங்கும் வழி. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கக் கூடாது, சட்டத்தின் 6(2) பிரிவு தடுக்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் 6(3)-இன்படி 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் வர வேண்டும். தாண்டினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். தகவல் ஆணையம் நினைத்தால் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அந்த அலுவலர் மேலேயே அபராதம் போடலாம்.

நம் ஆட்கள் இந்த இடத்தில் ஒன்று செய்வார்கள். "சாலை ஏன் பெயர்ந்தது? இதற்கு யார் பொறுப்பு? நடவடிக்கை எடுக்காதது ஏன்?" என்று கோபத்தைக் கேள்வியாக எழுதிவிடுவார்கள். "தாங்கள் கோருவது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் மூடிவிட அதைவிட நல்ல வாய்ப்பு அலுவலருக்குக் கிடைக்காது. சட்டம் அவரிடம் இருக்கிற ஆவணத்தைத்தான் கொடுக்கச் சொல்கிறது, விளக்கமோ கருத்தோ எழுதச் சொல்லவில்லை. 'ஏன்' என்ற சொல்லையே விண்ணப்பத்தில் போடாதீர்கள். எந்தப் பணி, எந்த ஆண்டு, எந்தத் தாள் என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்பதற்கான பதில் தாளிலேயே இருக்கும்.

பலர் கவனிக்காத பிரிவு ஒன்று உண்டு, 2(j). நகல் வாங்குவது மட்டும் உரிமை இல்லை. கோப்பை நேரில் உட்கார்ந்து பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம். பணியையே நேரில் ஆய்வு செய்யலாம். போட்ட பொருளின் மாதிரியை அலுவலகச் சான்றோடு எடுக்கலாம். கான்கிரீட் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக் கொடுங்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் சட்டப்படி கேட்டுவிட்டார் என்றால், அந்த வாரமே கான்ட்ராக்டர் ஆள் அனுப்பி ஓரத்தைப் பூச ஆரம்பித்துவிடுவார். பூசட்டும், விட்டுவிடாதீர்கள். பணி முடிந்த பிறகும் ஒரு காலம் வரை குறைகளைக் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கும், அவருடைய டெபாசிட் தொகையும் அதுவரை பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பது வேலை உத்தரவிலோ ஒப்பந்தப் படிவத்திலோ இருக்கும். டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு நீங்கள் எழுதும் கடிதத்துக்கு மரியாதை குறைவு. தேதியைப் பார்த்துவிட்டு அதற்குள் எழுத்தில் கொடுங்கள்.

பதில் எப்படி எல்லாம் தட்டிக் கழியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "கோப்பு தணிக்கையில் உள்ளது", "கோப்பு கிடைக்கப்பெறவில்லை", "மூன்றாம் நபர் தகவல்". பணம் பட்டுவாடா செய்த எம்-புக்கைக் காணோம் என்று ஓர் அலுவலகம் எழுத்தில் கொடுத்தால் அதுவே உங்களுக்குப் பெரிய ஆவணம், பத்திரமாக வையுங்கள். தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்கும் 8(1)(j) பிரிவு, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் முன்பைவிட அகலமாகிவிட்டது. பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் போய்விட்டது. ஆனால் 8(2) பிரிவு இருக்கிறது, பொதுநலன் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது. பொதுப் பணத்தில் போட்ட சாலையின் அளவில் யாருடைய அந்தரங்கமும் இல்லை என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள். முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரிக்கு, 30 நாளுக்குள். அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. ஆணையத்தில் காத்திருக்க நேரிடும், அதற்குள் மனம் சோர்ந்துவிடும். அதனால்தான் ஒரே ஆளின் பெயரில் ஒரே விண்ணப்பமாகப் போடாமல், தெருவில் நாலு பேர் நாலு தாளாகப் பிரித்துக் கேளுங்கள் என்கிறேன்.

எல்லாம் இணையத்தில் திறந்து வைத்தாலும் ஊழல் ஏன் குறையவில்லை என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் 2020-இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உட்படப் பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் விவசாயிகளாகப் பதிவானார்கள். தரகர்களும் சில கம்ப்யூட்டர் சென்டர்களும் ஆள் பிடித்தார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்து ஒப்புதல் போடப்பட்டது. சுமார் 110 கோடி ரூபாய் தகுதியில்லாதவர்கள் கணக்குக்குப் போனதாக அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார் (சுனாமி சமயத்தில் நமக்குக் கலெக்டராக இருந்தவர்தான்). வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, ஒப்பந்த ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள்.

நான் கவனித்தது வேறொன்று. அந்தத் திட்டத்தின் பயனாளிப் பட்டியல் ஊர்வாரியாக இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருந்தது. மறைத்து வைக்கப்படவில்லை. எந்த ஊரிலாவது டீக்கடையில் அதை அச்செடுத்து ஒட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும், யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஊருக்குத் தெரியாதா? சர்வருக்குத் தெரியாது. டெல்லியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. பட்டியல் இருந்த இடத்தில் ஊர் இல்லை, ஊர் இருந்த இடத்தில் பட்டியல் இல்லை. தகவல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரம் உட்படப் பலவற்றை யாரும் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. சுவரில் ஒட்டினால் அது சட்டத்தின் உயிர், வெப்சைட்டில் பி.டி.எஃப். ஆகப் போட்டுவிட்டால் சடங்கு.

நம்முடையது நிவாரண மாவட்டம். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். ஒவ்வொரு முறையும் வீடு இடிந்தவர் பட்டியல், பயிர் போனவர் பட்டியல் என்று வருகிறது. பட்டியலைப் பணம் போவதற்கு முன்னால் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பணம் போன பிறகு சண்டைதான் மிஞ்சும்.

இந்த வழியை முதலில் காட்டியவர்கள் ராஜஸ்தான் கிராமத்துக் கூலிக்காரர்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு பொது விசாரணை ஒன்றைக் கூட்டி, பில்லையும் வருகைப் பதிவேட்டையும் ஊர் நடுவே சத்தமாக வாசித்தது. வேலையே செய்யாதவர் பெயரெல்லாம் அதில் இருந்தது. அங்கே தொடங்கிய சண்டைதான் 2005 சட்டம் வரை வந்தது. தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் சட்டம் போட்டோம், நாட்டிலேயே முதல் என்று பெருமைப்பட்டோம். அதில் தர வேண்டியதைவிடத் தர வேண்டாதவற்றின் பட்டியல் நீளம்.

கிராம சபைக்கு வருகிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வர வேண்டும். வருகைக்குக் கையெழுத்து எப்படிச் சேர்கிறது என்று உங்களுக்கே தெரியும், நூறு நாள் வேலைக்கு வந்த அம்மாக்களை அப்படியே உட்கார வைத்துவிடுவார்கள். வரவு செலவை வாசிப்பதாகப் பேர், மைக்கில் வேகமாக ஓடிவிடும். அங்கே சத்தம் போடுவதைவிட, கையில் எம்-புக் நகலோடு எழுந்து "இந்தச் சாலைக்கு இந்த அளவு எழுதியிருக்கிறது, நாங்கள் அளந்தது இது, தீர்மானமாக எழுதுங்கள்" என்று கேட்பது பலமானது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியபின் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அடியில் காலி இடம் விட்டிருந்தால் கோடு போடுங்கள். பிறகு தீர்மான நகலைத் தகவல் சட்டத்தில் கேட்டு வாங்கி, சேர்த்ததும் விட்டதும் பாருங்கள்.

நம் மாவட்ட ஊராட்சிகளில் 2016 முதல் 2019 வரை தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாத காலத்தில் செலவு செய்பவரும் அதைக் கண்காணிப்பவரும் ஒரே ஆபீஸ்தான். அப்போது கிராம சபையின் வேலை இரட்டிப்பாகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராம சபையில் எல்லோரும் சமமாகப் பேச முடியும் என்பது ஏட்டில்தான். 2020-இல் புவனகிரி பக்கம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதிப் பெண் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. தலைவருக்கே நாற்காலி இல்லாத இடத்தில் காலனித் தெருக்காரர் எழுந்து கணக்குக் கேட்பது எப்படி? அப்படிப்பட்ட ஊர்களில் தபாலில் போகும் விண்ணப்பம்தான் முதல் பாதுகாப்பு, அதற்கு நாற்காலி தேவையில்லை.

நகரத்தில் இருப்பவர்களுக்கு: கடலூர் 2021-இல் மாநகராட்சியாகி 45 வார்டுகள் வந்தன. வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையும் சட்டத்தில் இருக்கின்றன. கவுன்சிலரிடம் அடுத்த ஏரியா சபை எப்போது என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகத்தைப் பார்த்தாலே போதும்.

முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம். கடலூர்க்காரர்கள் மதுக்கடைக்காகக் கன்னியக்கோயிலுக்குப் போவது ஊருக்கே தெரியும், ஆனால் அந்த ஊரில் கேள்வி கேட்க ஒரு பஞ்சாயத்துத் தலைவர் இருக்கிறாரா என்று யாரும் யோசிப்பதில்லை. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியும், 2021-இல் தேதி அறிவித்தும் தேர்தல் வரவில்லை. கொம்யூன் பஞ்சாயத்துகளை (அங்கத்து ஊராட்சி அமைப்புகள்) ஆணையர்கள் நடத்துகிறார்கள். பாகூரில் வாய்க்கால் சுவர் இடிந்தால் எம்.எல்.ஏ.வைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மனு எழுத வேண்டும். தகவல் மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகிறது. நம்மைவிடச் சின்ன ஊர்கள், நம்மைவிடத் தூரத்துக் கதவு. அங்கே இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது, எந்த வெளிப்படைத்தன்மைக் கோரிக்கைக்கும் முன்னால் தேர்தலைக் கேளுங்கள்.

அரசின் தாளை வாங்குவது பாதி வேலை. மறுபாதி, நாமே ஒரு கணக்கு வைத்துக்கொள்வது. இதற்கும் கடலூரில் முன்னோடிகள் இருக்கிறார்கள். 2004-இல் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு பக்கத்து மக்கள், நாற்றம் அடிக்கிறது என்று புகார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எந்த நேரம், எந்தப் பக்கத்துக் காற்று, என்ன வாடை என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். "நாற்றம் அடிக்கிறது" என்றால் அலுவலர் மூக்கைச் சுருக்கி "இப்போது இல்லையே" என்பார். தேதியோடு நோட்டு இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் சாலைக்கும் அப்படித்தான்: போடும் அன்றைக்கே போட்டோ, எத்தனை மூட்டை சிமென்ட் இறங்கியது, எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள் என்று தெருவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதி வைத்தால்கூடப் போதும்.

வருவாய்த் துறை விவகாரம் என்றால் ஜமாபந்தியை விடாதீர்கள். ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் தாலுகா ஆபீஸில் கிராமக் கணக்குகளை மேலதிகாரி சரிபார்க்கும் நாள் அது. நாம் அதை மனு கொடுக்கும் திருவிழாவாக ஆக்கிவிட்டோம். உண்மையில் உங்கள் ஊர்க் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் மேஜை மேல் இருக்கும் அபூர்வமான நாள். புறம்போக்கு, குட்டை, வாய்க்கால் பதிவுகளைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

நேரடி லஞ்சத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அதன் வழி வேறு. பட்டா மாற்றவோ, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்றோ கேட்டால், கொடுப்பதற்கு முன்னாலேயே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். ரசாயனப் பொடி தடவிய நோட்டு, கை கழுவினால் சிவக்கும் தண்ணீர் என்று நீங்கள் பேப்பரில் படிப்பது அப்படித்தான் நடக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்பு. இந்த ஏழு நாள் கணக்கு பலருக்குத் தெரியாது.

எச்சரிக்கை ஒன்று. புகார் தருபவரைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது, ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அதனால் தனி ஆளாக நிற்காதீர்கள். அதே சமயம், தகவல் கேட்டு வாங்கிக் கான்ட்ராக்டரிடம் பேரம் பேசுகிறவர்கள் எல்லா ஒன்றியத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆபீஸில் உங்களையும் முதலில் அந்தக் கணக்கில்தான் வைப்பார்கள். வாங்கிய தாளை அன்றைக்கே தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது.

முதல் விண்ணப்பத்தில் இதை மட்டும் எழுதுங்கள்: இன்ன ஊராட்சி, இன்ன தெரு, இன்ன நிதியாண்டில் போட்ட சிமென்ட் சாலைப் பணியின் நிர்வாக அனுமதி ஆணை, விரிவான மதிப்பீடு, வேலை உத்தரவு, ஒப்பந்தப் படிவம், எம்-புக்கின் தொடர்புடைய பக்கங்கள், பில் மற்றும் வவுச்சர், கான்கிரீட் கியூப் டெஸ்ட் (வலிமைச் சோதனை) அறிக்கை, பணியின்போது எடுத்த படங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் தேவை, 2(j) பிரிவின்படி பணியை நேரில் ஆய்வு செய்து மாதிரி எடுக்க நாளும் நேரமும் குறித்துத் தர வேண்டும். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். எம்-புக் நகல் கைக்கு வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். அதில் சுருக்கெழுத்துகள் நிறைய இருக்கும், எந்தப் பத்தியில் எதைப் பார்க்க வேண்டும் என்று வரிவரியாகச் சொல்கிறேன்.